படைத்தலைவர் உருவப்படத்தில் பதவியைப் படிப்பது எப்படி: காஜா முதல் பீரங்கிப் புகை வரை

சிவப்புக் கோட்டு, தங்க ஜரிகை, மார்பில் நட்சத்திரம், முதுகுக்குப் பின்னால் கரும்புகை. 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பிரபுக்களின் தைலவண்ணப் படங்கள் மாட்டிய கூடத்தில் நின்றால் எல்லாருமே பெரிய ஜெனரல்கள் போலத்தான் தெரிவார்கள். அவர்களில் பலர் வெறும் கேப்டன்கள். சிலர் போர்க்களத்தையே பார்க்காதவர்கள். யார் யார் என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது.

இந்தப் படங்களில் இரண்டு பேருடைய வேலை கலந்திருக்கிறது: ஒருவர் தையல்காரர், இன்னொருவர் ஓவியர். தையல்காரர் படைவிதிக்குக் கட்டுப்பட்டவர். எத்தனை பொத்தான், எந்தத் தோளில் குஞ்சம், என்ன நிற ஜரிகை என்பதை அவர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஓவியருக்கு அந்தக் கட்டு இல்லை. புகை, குதிரை, கவசம், தூண், இடிமேகம் எல்லாம் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். ஆகவே பதவியைத் தையல்காரரிடமும், அந்தக் குடும்பம் தன்னைப் பற்றி என்ன சொல்ல விரும்பியது என்பதை ஓவியரிடமும் கேட்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதலில் கண்ணைச் சரிசெய்யுங்கள்

விதிகளில் ‘வலத்தோள்’ என்றால் படத்தில் இருப்பவரின் வலத்தோள். பார்க்கும் உங்களுக்கு அது இடப்பக்கம். குறிப்பேட்டில் எப்போதும் ‘அவருடைய வலம்’, ‘அவருடைய இடம்’ என்றே எழுதிப் பழகுங்கள். கையில் இருப்பது அச்சுப்படமோ திரையில் பார்க்கும் படமோ என்றால், அது கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடிக்கும்போது இடம் வலம் மாறிவிடும். செதுக்கியவர் முன்கூட்டியே திருப்பி வரையாவிட்டால் படம் அப்படியே இடவலம் மாறி நிற்கும். விருது நட்சத்திரம் இடமார்பில் இருக்க வேண்டும், வாள் இடது இடுப்பில் தொங்க வேண்டும். இரண்டும் வலப்பக்கம் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது; அதை மறுபடி திருப்பாமல் மேலே எதையும் படிக்காதீர்கள்.

அடுத்தது வார்னிஷ். இதை அவசரப்பட்டுத் தாண்டக் கூடாது, ஏனென்றால் பதவியையே மாற்றிக் காட்டக்கூடியது இது. பழைய பிசின் வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகி, பிறகு தேநீர் நிறத்துக்குப் போகும். அதன் வழியாகப் பார்த்தால் மார்பின் குறுக்கே அணியும் நீலப் பட்டை பச்சையாகத் தெரியும். வெள்ளி ஜரிகை தங்கமாகத் தெரியும். அரசர் தரும் வீரப்பட்டங்களில் நீலம் இங்கிலாந்தின் கார்ட்டர் பட்டம், பச்சை ஸ்காட்லாந்தின் திசில் பட்டம். வெள்ளி ஜரிகையும் தங்க ஜரிகையும் வெவ்வேறு ரெஜிமென்ட்கள். 1830-க்குப் பிறகு பொதுவாகத் தங்கம் நிரந்தரப் படைக்கும் வெள்ளி உள்ளூர்த் துணைப்படையான மிலிஷியாவுக்கும் என்று ஆனது. ஒரு மஞ்சள் படலம் இத்தனையையும் புரட்டிப்போடும்.

இதற்கு முதல் சோதனை, கழுத்துத்துணியையும் சட்டையின் கைநுனியையும் பார்ப்பது. அவை வெள்ளையாக இருந்திருக்க வேண்டியவை. அவை வெண்ணெய் நிறத்தில் தெரிந்தால், அதே அளவு மஞ்சளைப் படத்தின் மற்ற எல்லா நிறத்திலிருந்தும் மனத்துக்குள் கழித்துவிடுங்கள். இரண்டாவது சோதனைக்கு ஜரிகைக்கு அருகில் போக வேண்டும். தங்க ஜரிகை வரைபவர் அடியில் பழுப்பு கலந்த காவிமஞ்சளைப் பூசி, மேலே விட்டுவிட்டு மஞ்சள் தீற்றல்கள் போட்டு, வெளிச்சம் படும் முனைகளில் ஈயவெள்ளை கலந்த வெளிர்மஞ்சளைக் கெட்டியாகப் பொட்டு வைப்பார். வெள்ளி ஜரிகைக்கு அடிப்பூச்சு சாம்பல், நிழல் கருநீலச் சாம்பல், முனைப்பொட்டு வெள்ளை. வார்னிஷ் அந்த வெள்ளைப் பொட்டை மஞ்சளாக்கிவிடும், ஆனால் சாம்பல் நிழலைச் சூடான பழுப்பாக்க அதனால் முடியாது. கொஞ்சம் பச்சை கலந்த சாம்பலாகத்தான் தெரியும். ஆகவே ஜரிகையின் மினுக்கத்தை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள். உண்மை அங்கே இருக்கும்.

சிவப்பு இன்னொரு வழியில் ஏமாற்றும். சாயத்திலிருந்து செய்த செந்நிறப் பூச்சுகள் ஒளியில் வெளுக்கும். 18-ஆம் நூற்றாண்டு லண்டன் ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் இத்தகைய பூச்சுகளை முகத்துக்கும் பயன்படுத்தியதால் அவருடைய படங்களில் பல முகங்கள் இன்று சுண்ணாம்பு வெளுப்பாக நிற்கின்றன. அதே காரணத்தால் ஓர் அதிகாரியின் கருஞ்சிவப்பு இடைக்கச்சு இன்று மங்கிய இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கலாம். நிறத்தை எழுதுமுன் சட்டகத்தின் விளிம்புக்குள் ஒளிபடாமல் இருந்த ஓரத்தைப் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

அளவு சொல்வது

கித்தானின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். லண்டன் ஓவியர்கள் நிலையான சில அளவுகளில்தான் வேலை செய்தார்கள்: தலையும் மார்பும் 30 × 25 அங்குலம், முழங்கால் வரையிலான ‘அரையுருவம்’ 50 × 40, முழுவுருவம் ஏறத்தாழ 94 × 58. 1780-களில் ரெனால்ட்ஸ் இந்த மூன்றுக்கும் முறையே 50, 100, 200 கினி (பழைய பிரிட்டிஷ் பொன்நாணயம்) வாங்கினார். எனவே முழுவுருவப் படம் முதலில் சொல்வது பணத்தையும், அதை மாட்ட உயரமான சுவர் உள்ள வீட்டையும்தான்.

பதவியே அளவை முடிவு செய்த இடங்களும் உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில் 1826-இல் திறந்த ராணுவக் கூடத்தில், நெப்போலியனை எதிர்த்த ஜெனரல்களின் 332 படங்களை ஜார்ஜ் டாவும் அவருடைய உதவியாளர்களும் வரைந்தார்கள். ஜெனரல்களுக்கெல்லாம் ஒரே அளவு மார்புருவம். குட்டூசோவ், பார்க்ளே டி டோலி போன்ற பீல்டு மார்ஷல்களுக்கு முழுவுருவம். படம் கிடைக்காத 13 பேருக்குப் பெயர் பொறித்த வெறும் சட்டகம், உள்ளே பச்சைத் துணி. அங்கே அளவைப் பார்த்தே பதவி சொல்லலாம். தனி வீட்டுக்கு வரைந்த படத்தில் அப்படிச் சொல்லக் கூடாது. ரெனால்ட்ஸ் 1782-இல் வரைந்த பனாஸ்டர் டார்ல்டன் முழுவுருவமாக, பீரங்கி மேல் கால் தூக்கி வைத்து நிற்கிறார். அவர் அப்போது லெப்டினன்ட் கர்னல்தான்.

தையல்காரர் எழுதியது

இனிக் கோட்டுக்கு வாருங்கள். தோளைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் மார்பின் காஜாக்களிலிருந்து தொடங்குங்கள். 1767 விதிப்படி பிரிட்டிஷ் ஜெனரல்களின் கோட்டில் பொத்தானும் அதைச் சுற்றிய ஜரிகைக் காஜாவும் வைக்கும் இடைவெளியே பதவிக்குறி. சம இடைவெளியில் ஒவ்வொன்றாக இருந்தால் ஜெனரல். மும்மூன்றாகச் சேர்ந்திருந்தால் லெப்டினன்ட் ஜெனரல். இரண்டிரண்டாக இருந்தால் மேஜர் ஜெனரல். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று கோட்டும் ஒரே தங்கக் குவியல். அருகில் போய் ஒரு காஜாவிலிருந்து அடுத்ததற்கு உள்ள இடைவெளியைக் கண்ணால் அளந்தால்தான் பிடிபடும்.

இங்கே தவறு எப்படி வரும்? கோட்டின் மடிப்பு வளைந்திருக்கும் இடத்தில் காஜாக்கள் நெருங்கித் தெரியும், சமமானவை இரட்டை போலத் தோன்றும். கைக்கு மேலும் பட்டைக்கு மேலும் எண்ணாதீர்கள்; மார்பில் தட்டையாகக் கிடக்கும் பகுதியில் குறைந்தது ஆறு காஜாவை எண்ணுங்கள். கைமடிப்பிலும் அதே அடுக்கு திரும்ப வந்தால் உறுதி. மார்பில் இரண்டிரண்டு, கைமடிப்பில் மும்மூன்று என்று இருந்தால் பதவி உயர்வுக்குப் பின் ஒரு பகுதியை மட்டும் திருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பிறகு தோள். 1768 விதிப்படி காலாட்படை அதிகாரிக்கு வலத்தோளில் ஒரு குஞ்சத்தோளணி. ரெஜிமென்டின் தனிப்பிரிவுகளான கிரனேடியர் கம்பெனி, பின்னர் வந்த லைட் கம்பெனி ஆகியவற்றின் அதிகாரிகளுக்கு இரண்டு தோளிலும். எனவே 18-ஆம் நூற்றாண்டுப் படத்தில் இரண்டு தோளணி கண்டவுடன் ‘பெரிய பதவி’ என்று எழுதிவிடாதீர்கள். இளம் லெப்டினன்டாகவும் இருக்கலாம். 1810-இல் இது மாறியது. மேஜருக்கு இரு தோளிலும் நட்சத்திரம், லெப்டினன்ட் கர்னலுக்குக் கிரீடம், கர்னலுக்குக் கிரீடமும் நட்சத்திரமும். கேப்டனும் அதற்குக் கீழானவர்களும் வலத்தோளில் ஒன்றுடன் நின்றார்கள். 1855-இல் பிரிட்டிஷ் தரைப்படை இந்தத் தோளணியையே விட்டுவிட்டது.

கடற்படைக்குக் கணக்கு வேறு. 1795-இல்தான் அங்கே தோளணி வந்தது: கமாண்டருக்கு இடத்தோளில் ஒன்று, மூன்றாண்டு ஆகாத கேப்டனுக்கு வலத்தோளில் ஒன்று, மூன்றாண்டு கடந்தவருக்கு இரண்டு. அட்மிரல்களில் ரியர் அட்மிரலுக்கு ஒரு நட்சத்திரம், வைஸ் அட்மிரலுக்கு இரண்டு, அட்மிரலுக்கு மூன்று. நீலக் கோட்டுக்காரரைத் தரைப்படை விதியால் படிப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

நெப்போலியனின் ஜெனரல்களுக்கு இடைக்கச்சே விடை சொல்லும். தங்கத்துடன் வெள்ளை என்றால் மார்ஷல், தங்கத்துடன் சிவப்பு என்றால் டிவிஷன் ஜெனரல், தங்கத்துடன் வான்நீலம் என்றால் பிரிகேட் ஜெனரல். காலரின் ஓக் இலைப் பூவேலை டிவிஷன் ஜெனரலுக்கு இரண்டு வரிசை, பிரிகேட் ஜெனரலுக்கு ஒன்று.

பிரிட்டிஷ் கருஞ்சிவப்புக் கச்சு இவ்வளவு சொல்லாது. ‘இவர் அதிகாரி’ என்பதோடு அது நின்றுவிடும். ஆனால் காலத்தைச் சொல்ல அது நல்ல சாட்சி: காலாட்படை அதிகாரி 1768-க்கு முன் அதைத் தோளிலிருந்து குறுக்காக அணிந்தார், பின்னர் இடுப்பில் கட்டினார். கழுத்துக்குக் கீழே பிறைபோலத் தொங்கும் கார்ஜெட் தகடும் இப்படித்தான். அது பணியில் இருக்கும் அதிகாரி என்பதற்கான அடையாளம், பதவி ஏணியில் எந்தப் படி என்று சொல்லாது. 1830-இல் அதுவும் ஒழிந்தது.

பட்டையும் நட்சத்திரமும்

அரசர் தரும் வீரப்பட்டங்களைப் படைப்பதவியோடு சேர்க்காதீர்கள். அவை வேறொரு ஏணி. கார்ட்டர் பட்டத்தின் நீலப் பட்டை இடத்தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்கும். பாத் பட்டத்தின் சிவப்புப் பட்டை வலத்தோளிலிருந்து இடது இடுப்புக்கு. திசில் பட்டம் பச்சை, இடத்தோள். அயர்லாந்துக்காக 1783-இல் ஏற்படுத்திய செயின்ட் பேட்ரிக் பட்டம் வான்நீலம், வலத்தோள். நிறம் வெளுத்தோ மஞ்சளேறியோ இருந்தால் சாயும் திசை காப்பாற்றும். பட்டை கோட்டுக்கு அடியில் வெயிஸ்ட்கோட் மேல் ஓடினாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும்.

கார்ட்டர் பெரும்பாலும் பிறப்புக்கும் அரசியல் நெருக்கத்துக்கும் போகும். பாத் பட்டத்தைப் போர்முனைத் தளபதிகள் பலர் பெற்றார்கள். 1815-இல் பாத் பட்டம் மூன்று வகுப்பானது. அதன் பின் வரைந்த படத்தில் முதல் வகுப்புக்குப் பட்டையும் நட்சத்திரமும், இரண்டாம் வகுப்புக்கு நட்சத்திரமும் கழுத்துப் பதக்கமும், மூன்றாம் வகுப்புக்கு நட்சத்திரமே இல்லை.

பிறப்பைத் தேட இன்னொரு இடம் மேசை. அங்கே ஒரு சிறுமுடி கிடந்தால் கண்ணுக்குத் தெரியும் முத்துகளை எண்ணுங்கள். ஓவியத்தில் பிரபுப் பட்டங்களில் கடைப்படியான ‘பாரன்’ (baron) பட்டத்துக்கு நான்கு முத்து தெரியும் (முழுவட்டத்தில் ஆறு), அதற்கு மேலான ஏர்லுக்கு உயர்ந்த கம்பிகளின் மேல் ஐந்து முத்து, உச்சியில் உள்ள டியூக்குக்கு முத்தே இல்லாமல் ஐந்து இலை. 25 வயது முகம், ஏர்ல் முடி, லெப்டினன்ட் கர்னல் சீருடை என்று மூன்றும் சேர்ந்தால் வியக்க வேண்டாம். பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் லெப்டினன்ட் கர்னல் வரை பதவியை விலைக்கு வாங்கும் வழக்கம் 1871 வரை இருந்தது. 1821-இன் விலைப்பட்டியலில் சாதாரணக் காலாட்படையின் கடைசிப் படியான என்சைனுக்கு 450 பவுண்டு, லெப்டினன்ட் கர்னலுக்கு 4,500. பீரங்கிப்படையிலும் பொறியாளர் படையிலும் கடற்படையிலும் இது கிடையாது. அங்கே இளம் முகமும் உயர்பதவியும் சேர்ந்தால் அதற்கு வேறு காரணம் தேடியே ஆக வேண்டும்.

ஓவியர் சேர்த்தது

கையில் தளபதிக்கோல் இருந்தால் அது எப்படிப்பட்டது என்று பாருங்கள். வெறுமையான மரக்கோல் ‘படை நடத்தியவர்’ என்று மட்டும் சொல்லும். பிரிட்டனில் பீல்டு மார்ஷல் பதவியே 1736-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய படத்தில் கோலைக் கண்டு மார்ஷல் என்று எழுதினால் தவறு. நீல வெல்வெட்டில் தங்கக் கழுகு பதித்த கோல் நெப்போலியனின் மார்ஷலுக்கு உரிய உண்மையான பதவிப்பொருள்.

கவசமும் இப்படித்தான். டிஷியன் 1548-இல் வரைந்த குதிரைமேல் ஐந்தாம் சார்லஸ் அணிந்திருப்பது நிஜக் கவசம், அது மாட்ரிட்டில் இன்றும் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுப் பிரபு மார்புக் கவசத்துடன் தெரிந்தால் அது பெரும்பாலும் பரம்பரையைக் காட்டும் ஓவிய வழக்கு.

ஓவியரின் பெரிய ஆயுதம் அடிவானக் கோடு. அது முழங்கால் உயரத்துக்கு இறங்கினால் நாம் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம், உருவம் மலைபோல எழும். விரலால் அடிவானத்தை மறைத்துப் பாருங்கள், பாதி கம்பீரம் கரைந்துவிடும்.

ஆனால் ஓவியர் சேர்த்தது எல்லாம் வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடக் கூடாது. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள ஹீத்ஃபீல்டு பிரபுவின் படத்தை (ரெனால்ட்ஸ், 1787) எடுத்துக்கொள்ளுங்கள். ஜிப்ரால்டர் கோட்டையை 1779 முதல் 1783 வரை முற்றுகையில் காத்தவர் அவர். கையில் கோலும் இல்லை, உருவிய வாளும் இல்லை. ஒரு பெரிய சாவி. அதன் சங்கிலி கையைச் சுற்றியிருக்கிறது. பின்னால் ஒரு பீரங்கி செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பாறை உச்சியிலிருந்து கடலை நோக்கிச் சுட்டால் மட்டுமே பீரங்கிக்கு அந்தக் கோணம் வேண்டியிருக்கும். அந்த ஒரு சாய்விலேயே நின்ற உயரத்தையும் முற்றுகையின் தன்மையையும் ரெனால்ட்ஸ் சொல்லிவிட்டார். பின்னணி இப்படிக் குறிப்பான இடத்தையும் செயலையும் காட்டினால் அது சாட்சி. எந்தப் போருக்கும் பொருந்தும் பொதுப்புகை என்றால் அது திரைச்சீலை.

பின்னால் திருத்தியிருக்கிறார்களா?

பதவி உயரும், படம் அப்படியே இருக்கும். அதனால் திருத்துவார்கள். பிரிட்டிஷ் கடற்படையின் நெல்சனுடைய இளமைப் படத்தை ஜான் பிரான்சிஸ் ரிகோ 1777-இல் லெப்டினன்டாகத் தொடங்கினார். முடித்தபோது 1781, அதற்குள் நெல்சன் கேப்டன். சீருடையைக் கேப்டனுக்கு உரியதாக மாற்றி, பின்னணியில் நிகராகுவாவின் சான் ஹுவான் கோட்டையையும் சேர்த்தார். ஸ்பானிய ஓவியர் கோயா 1812-இல் வரைந்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் படத்திலும் 1814-இல் புதிய விருதுகள் ஏறின; கழுத்தில் தொங்கும் ஸ்பெயினின் தங்கக்கம்பளிப் பட்டம் (Golden Fleece) அப்படிச் சேர்ந்தது.

ஆகவே படத்தின் ஆண்டைக் கணிக்கும்போது ‘கடைசியாக வந்த விருதுக்குப் பிறகே படம் வரைந்தது’ என்று முடிவு கட்டுமுன் அந்த விருது பின்னர் ஏறியதா என்று பாருங்கள். பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கைப் பிடித்தால் பூச்சின் மேடு தெரியும். அடியில் கோட்டின் மடிப்பு தடையின்றி ஓட, அதன் மேல் நட்சத்திரம் ஒட்டியதுபோல உட்கார்ந்திருந்தால் அது பின்வரவு. புற ஊதா ஒளியில் பழைய வார்னிஷ் பச்சையாய் ஒளிரும், அதற்கு மேல் தொட்ட இடம் கறுப்பாய்த் தெரியும். தைலப்பூச்சு வயதாக ஆக ஊடுருவித் தெரியும் என்பதால், மறைத்த பழைய கைமடிப்பு வெறுங்கண்ணுக்கே பேய்போல எட்டிப்பார்ப்பதும் உண்டு.

ஓரத்தில் மஞ்சள் எழுத்தில் பெயரும் பட்டமும் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். படத்தின் வெடிப்புகள் எழுத்தையும் சேர்த்துப் பிளந்திருந்தால் எழுத்து பழையது. எழுத்தின் பூச்சு வெடிப்புக்குள் வழிந்திருந்தால், வெடித்த பிறகு யாரோ எழுதியது. பேரன் காலத்தில் பாட்டனுக்குச் சூட்டிய பட்டமாகவும் இருக்கலாம். சட்டகத்தில் அறைந்த பித்தளைத் தகட்டை இதைவிடக் குறைவாக நம்புங்கள், சட்டகங்கள் படம் மாறிப் போவது சாதாரணம்.

எழுதி வைக்கும் முறை

குறிப்பை இந்த வரிசையில் எழுதினால் பிறர் சரிபார்க்க வசதி: அளவு, வார்னிஷ் நிலை, கோட்டின் நிறமும் ஜரிகையும், காஜா அடுக்கு, தோள், கச்சு, பட்டையும் அது சாயும் பக்கமும், கையில் உள்ளது, பின்னணி, திருத்தத் தடயம், எழுத்து. ஒவ்வொன்றுக்கும் கண்டதை முதலில், ஊகத்தைப் பிறகு. ‘மேஜர் ஜெனரல்’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், ‘மார்பிலும் கைமடிப்பிலும் காஜாக்கள் இரண்டிரண்டு, ஜரிகை நிழல் பழுப்பு, ஆகவே தங்கம், 1767-க்குப் பிந்தைய மேஜர் ஜெனரல், சிவப்புப் பட்டையின் விளிம்பு கோட்டு மடிப்பின் மேல் தனியாக நிற்கிறது, பின்னர் சேர்த்திருக்கலாம்’ என்று எழுதுங்கள். நாளை வார்னிஷ் நீக்கி நிறம் மாறித் தெரிந்தாலும், எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பது அடுத்தவருக்கு உடனே தெரியும்.